இருபத்தேழாம் எண் பொருள்

கடைசி வீட்டைத் தாண்டிவிட்டார்கள். இனி அவர்களை யாரும் கூப்பிடக்கூடாது. பெயர் சொல்லியும் கூடாது, கைதட்டியும் கூடாது. படகில் போகும் நான்கு பேரும் கோயிலிலிருந்து துறைக்கு வரிசையாக இறங்கிப் போனதை, இப்போது காட்சிக்கூடமாகிவிட்ட இந்தப் பழைய உப்பறையின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்திருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் கிளை நூலகத்தில் பிறரை அமைதி காக்கச் சொல்லியே ஊதியம் வாங்கியவளுக்கு, ஓர் ஊரே வாய்மூடி நிற்கும் காட்சி பிடிக்காமல் போகுமா? ஐந்து நிமிடங்களுக்கு முன்புவரை பிடித்திருந்தது. இப்போது என் கையில் இந்த மரக்கட்டை இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஒரு முனை தடித்து, மறுமுனை ஒடுங்கி, தடித்த முனையில் துளையிட்டுக் கயிறு கோத்திருக்கிறது. மூன்று வாரங்களாகக் கண்ணாடிப் பேழைக்குள் இருபத்தேழாம் எண் அட்டையோடு படுத்திருந்தது. அட்டையில் உள்ளது என் கையெழுத்து: 'மீன்வலையின் கண் அளவைச் சரிபார்க்கும் கட்டை.' ஒரு கேள்விக்குறிகூட நான் இடவில்லை. ஐயமுள்ள இடத்தில் கேள்விக்குறி இட வேண்டும் என்று எத்தனை உதவியாளர்களைக் கடிந்திருக்கிறேன்! எனக்குத்தான் ஐயமே வரவில்லையே. கோல்மன் கிழவருக்கு எண்பத்து நான்கு வயது. இடுப்பெலும்பு முறிந்து, நான்கு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். பெண்களும் ஆண்களும் துறையில் நிற்க, அவரை மட்டும் இங்கே கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். சும்மா இருக்க முடியாமல் பேழைக்குள் எட்டிப் பார்த்தார், சிரித்தார். அவர் பேசுவது இந்த ஊர் ஆங்கிலம். இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு அது என் காதில் எங்கள் கரைப் பேச்சாகவே விழுகிறது. "மிஸஸ், இதை யாரு வலைக்கட்டைன்னு சொன்னது? இது படகுக்கு அடி ஓட்டையை அடைக்கிற கட்டையில்லா? எங்கப்பன் செதுக்குனது. சின்னப்புள்ளையில இதைக் கடிச்சுக் கடிச்சுத்தான் எனக்குப் பல்லே முளைச்சுது. அந்தா பாருங்க, தடம் இருக்கு." எந்தப் படகுக்கு என்று கேட்டேன். "எந்தப் படகா? இந்தா இப்பத் தண்ணியில தள்ளுதானுவளே, அந்தப் படகுக்குத்தான்."

அந்தப் படகில் என் மருமகன் இருக்கிறார். நான்கு துடுப்பில் ஒரு துடுப்பு அவருடையது. மகளோடு நான் வந்து சேர்ந்த இந்த அயல்நாட்டுக் கரையில், ரின்னகாரா என்னும் இவ்வூரில், துடுப்புப் பிடிக்கக்கூடிய ஆண்கள் இன்று மூன்றே பேர். மற்றவர்கள் நகரத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். முப்பது ஆண்டுகளாக நின்றுபோயிருந்த இந்தத் தீவுப் பயணத்தை, புனிதரின் திருநாளன்று தீவிலுள்ள இடிந்த கோயிலுக்கு ரொட்டிக்கூடை கொண்டுபோகும் இந்த வழக்கத்தை, மரபுக் குழுவினர் மீண்டும் தொடங்க நினைத்தபோது நான்காம் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர் மீன் கொட்டகையில் மீன் அரிந்துகொண்டிருந்த என் மருமகன், தூத்துக்குடிக் கரைக்காரர் செலஸ்டினைக் கேட்டார்கள். குளிர்காலம் முழுவதும் அவர்களோடு சேர்ந்து அந்தப் பழைய மரப்படகைச் சுரண்டித் தார் பூசினார். படகுக்கு அடியிலும் பலகை இடுக்கிலும் இந்த உப்பறை மூலைகளிலும் கிடைத்த சாமான்களை ஒரு சாக்கில் போட்டு என்னிடம் தந்தார்கள், நூலகர் அல்லவா, வகைப்படுத்தி எழுதித் தரட்டும் என்று. எழுதித் தந்தேன். நாற்பத்து மூன்று பொருள், நாற்பத்து மூன்று அட்டை. "வேற கட்டை செஞ்சிருப்பானுவ," என்கிறார் கோல்மன், கணப்பில் கையைக் காட்டியபடி. "உங்க மருமகன் மடையன் இல்லையே. செஞ்சிருந்தா நல்லது. செய்யலேன்னா இந்நேரம் கால் நனைஞ்சிருக்கும், அவனுக்கே தெரிஞ்சிரும்." செய்திருப்பார். ஓட்டை இருந்தால் கண்ணில் படாமலா இருக்கும்? தார் பூசியவருக்குத் தெரியாதா? ஆனால் தார் பூசியபோது அந்தத் துளையையும் சேர்த்துப் பூசி மூடியிருந்தால்? தார் எத்தனை நேரம் தாங்கும்? அல்லது ஒரு கந்தையைத் திணித்திருந்தால்? எனக்கு எப்படித் தெரியும்? மூன்று தலைமுறையாகக் கடற்கரையில் வாழ்ந்த குடும்பம் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். என் தகப்பனார் கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தந்த உபதேசியார் என்பதையும், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கடல்நீரில் மடி நனைந்ததில்லை என்பதையும் சொல்லவில்லை. எங்கள் கரையில் நான் பார்த்தது கட்டுமரம். கட்டுமரத்துக்கு ஓட்டையும் இல்லை, அடைப்பும் இல்லை. தண்ணீர் மேலே வரும், கீழே போகும். படகைக் கரையேற்றியதும் மழைநீர் வடிவதற்கு அடியில் ஒரு துளை வைத்திருப்பார்கள் என்றும், இறக்கும்போது அதை அடைத்துக்கொள்வார்கள் என்றும் எந்த நூலில் போட்டிருக்கிறது? போட்டிருக்கலாம். நான் பார்க்கவில்லை. வலைக்கண் அளக்கும் கட்டையின் படம் ஒரு நூலில் இருந்தது. ஏறக்குறைய இதே வடிவம். ஏறக்குறைய! அந்தச் சொல்லை என் மேசையருகே வர விட்டவளா நான்?

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று முதலில் தோன்றியது. தோன்றியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அப்போது படகு இன்னும் துறைச்சரிவில்தான் இருந்தது. இந்த உப்பறையிலிருந்து அறுபது எட்டுத்தான் இருக்கும். அறுபது எட்டும் நான் நடக்கவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நின்றேன். கோல்மன் கையை உயர்த்தி, "சொல்லக்கூடாது மிஸஸ், கடைசி வீடு தாண்டியாச்சு," என்றதனால் நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட நம்பிக்கைகளுக்கு நின்றவள் அல்லவே. எங்கள் ஊரிலும் கடலுக்குப் போகிறவனை எங்கே என்று கேட்கமாட்டார்கள், பின்னாலிருந்து கூப்பிடமாட்டார்கள். அதைப் பற்றிக் கேலியாக ஒரு கட்டுரையே எழுதி நூலக வார விழாவில் வாசித்தேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த கடற்காரப் பெண்கள் கைதட்டவில்லை என்பது இன்று நினைவுக்கு வருகிறது. அன்று அது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று எப்படி வரும்? ஆக, நான் நின்றது வழக்கத்துக்காக அல்ல. அந்த அறுபது எட்டின் முடிவில் பிரீட் நிற்கிறாள். மரபுக் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர், கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும், "டெக்லாவிடம் காட்டினீர்களா? டெக்லா சரி என்றால் சரி," என்று முடிப்பவள். தெக்லா என்னும் பெயர் இவர்கள் வாயில் டெக்லா ஆகிவிட்டது. அந்த டெக்லா தவறு செய்யாதவள். இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் கடையில் என்னைப் பார்த்தால் வானிலையைப் பற்றி இரண்டு சொல் பேசிவிட்டு நகர்ந்துபோவார்கள். நர்சு ஜசிந்தாவின் அம்மா, அவ்வளவுதான். நகரத்து ஆலையில் வாங்கிய கம்பளிச் சட்டைகளை இந்த ஊர்ப் பெண்கள் காலங்காலமாகப் பின்னுவதாகவும், பின்னலைப் பார்த்தே கரையொதுங்கிய உடலை அடையாளம் காண்பார்கள் என்றும் பயணிகளுக்கான தாளில் போட இருந்தார்கள். சான்று எங்கே என்று கேட்டு நான் நீக்கச் செய்தேன். அன்று முதல் எனக்கு மதிப்பு. சான்று கேட்டவளின் இருபத்தேழாம் எண் அட்டை இப்படி. பதினொரு மணிக்குப் பேருந்தில் மறைமாவட்ட ஆயரும் விருந்தினரும் வருகிறார்கள். அவர்கள் முதலில் பார்க்கப்போவது இந்தப் பேழையை. இதையெல்லாம் நான் நினைத்தேனா, அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபடி, ஒரு மனிதன் ஓட்டைப் படகில் கால் வைத்துக்கொண்டிருந்தபோது? நினைத்தேன். அவர்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். பாதிரியார் சத்தமில்லாமல் தீர்த்தம் தெளித்தார். நான்கு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. சத்தம் இங்கே கேட்டது.

இப்போது நடுத்துறையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். துறை நீளமானது; சரிவிலிருந்து துறைவாய்க்கு அரை மைல். இன்னும் நேரம் இருக்கிறது. படகு தாழ்ந்து போகிறதா? படகின் விலாவில் பூசிய வெள்ளைக் கோடு முதலில் தண்ணீருக்கு மேல் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன், அது படிக்கிற கண்ணாடி. "ஏன் கூப்பிடக்கூடாது என்று தெரியுமா உங்களுக்கு?" என்று கோல்மனைக் கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன், தெரியாது என்பார், தாத்தா சொன்னார் என்பார், அந்த ஒரு பதிலை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று. அவர் கணப்பிலிருந்து கையை எடுத்தார். "தெரியும் மிஸஸ். எங்க பாட்டன் பாத்தது. அந்தா துறைவாயில, கறுப்புப் பாறைக்கு இந்தப் பக்கம், அடியில மணல்மேடு இருக்கு. அலை சாதுவா வரும், அங்க வந்தவுடனே நிமிந்துக்கும். நேராப் போனா ஒண்ணுஞ் செய்யாது. அஞ்சு பேரு போனாங்க. ஒருத்தன் பொஞ்சாதி கரைப் பாறையில ஏறி நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. தொப்பியோ, புகையிலையோ, என்னத்தையோ மறந்துட்டான். அவன் திரும்பிப் பாத்தான். சுக்கான் பிடிச்சவனும் திரும்பிப் பாத்தான். படகும் திரும்பிச்சு. அலைக்கு முதுகைக் காட்டலாம், மூஞ்சியக் காட்டலாம், விலாவைக் காட்டக்கூடாது. அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம். அவ பாத்துக்கிட்டே நின்னா." அந்த ஐவரின் பெயர்கள் கோயில் சுவரில் இருக்கின்றன, எழுத்துகளில் பாசியை வழித்து நானே படியெடுத்திருக்கிறேன், அகரவரிசைப்படுத்தியும் இருக்கிறேன். பசிக்காலத்தில் கூலிக்குப் பதிலாகச் சோளமாவு வாங்கிக்கொண்டு இந்தக் கல்துறையைக் கட்டிய நூற்றுப்பன்னிரண்டு பேரின் பட்டியலும் என்னிடம் உண்டு. இந்த உப்பறையில் கானாங்கெளுத்தி மீனைப் பிளந்து உப்பிட்டு அமெரிக்காவுக்குப் பீப்பாய் பீப்பாயாக அனுப்பிய பெண்களின் பட்டியலும் உண்டு. உப்புப் புண் ஆறாத கையில் துணி சுற்றிக்கொண்டே வேலை செய்தார்கள், அந்தத் துணிச்சுருள் பதினான்காம் எண். ஆனால் பாறையில் ஏறி நின்று கூப்பிட்டவளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்குப் பிறகு அவள் எத்தனை ஆண்டு இருந்தாள்? இந்த ஊரிலேயே இருந்தாளா? கோல்மனிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். ஆக, இது மூடநம்பிக்கை அல்ல, கணக்கிட்டுச் செய்த விதி; துறைவாய்க்குள் படகு நுழையும்வரை கூப்பிடலாம், நுழைந்த பிறகு பாறையைத் தாண்டும்வரை கூப்பிட்டால் கொலை, தாண்டிய பிறகு கூப்பிடலாம், கேட்டால். இந்த ஊரார் முதலும் கடைசியும் வேண்டாம் என்று மொத்தத்துக்கும் வாயைக் கட்டிவிட்டார்கள். கூப்பிடுவதற்கு உரிய நேரம் என்பது இதோ, இப்போது, நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரம்தான், இது போய்க்கொண்டிருக்கிறது.

மேசைமேல் கூடையில் நான்கு கைப்பேசிகள். பழைய முறைப்படி போக வேண்டும் என்று அவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்கள். போட்டோவில் கம்பளிச் சட்டை தெரிய வேண்டும் என்பதற்காக உயிர்காப்பு அங்கிகளையும் சாக்கில் கட்டிப் படகின் முனையில் போட்டிருக்கிறார்கள். நடுப்பகலுக்குத்தான் பக்கத்துத் துறையிலிருந்து விசைப்படகு தீவுக்கு வருமாம். இதற்கெல்லாம் கூட்டத்தில் நான் தலையசைத்தேன். என் கைப்பேசி ஒலித்தது. ஜசிந்தா. மருத்துவமனையில் இடைவேளை. "யம்மா, அவுக கெளம்பிட்டாகளா?" கிளம்பிவிட்டார்கள் என்றேன். "நல்லா நடக்கா? படம் எடுத்தியா? எனக்கு ஒண்ணாவது அனுப்பு. கம்பளிச் சட்டையில அவுகளைப் பாத்தா செம்மறியாடு மாதிரி இருக்குன்னு நேத்து சிரிச்சுக்கிட்டே இருந்தேன், கோவம் வந்துட்டு." எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். "காத்து எப்படி இருக்கு?" மிதமாக இருக்கிறது. "கடல்ல காத்து வேற மாதிரில்லா இருக்கும். நீ சன்னல் வழியாப் பாத்துச் சொல்லுத. யம்மா, என்ன ஒரு மாதிரிப் பேசுத?" ஒன்றுமில்லை, பேருந்து வருகிற நேரம், வேலை இருக்கிறது. "சரி சரி, உன் கண்ணாடிப் பெட்டியைத் தொடச்சு வை. யம்மா, போன மாசம் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்கன்னு சொன்னேன்லா, இருவது நிமிஷம் தண்ணியில கெடந்தவரு, நீந்தத் தெரிஞ்ச ஆளுதான், கை வெறச்சுப் போச்சு, அவ்வளவுதான். அதுக்குத்தான் கேட்டேன். வேற ஒண்ணுமில்ல. வைக்கேன்." வைத்துவிட்டாள். திருமணத்துக்கு முன்பு ஒரு நாள் இதே குரலில்தான் சொன்னாள், யம்மா நான் அவுகளைத்தான் கட்டுவேன் என்று. அப்போதும் நான் எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும் என்பதைப் போல ஏதோ சொன்னேன். விசைப்படகில் கூலிக்குப் போனவரின் மகன், பத்தாம் வகுப்பு. நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பதிலேயே எத்தனை வகை உண்டு! அவர் வீட்டுக்குள் வந்தால் நான் நூலை எடுத்துக்கொள்வேன். அவர் சமைத்த மீன்குழம்பை நன்றாக இருக்கிறது என்று ஜசிந்தாவிடம் சொல்வேன், அவரிடம் சொன்னதில்லை. ஒரு முறை நான் கடல்நீரோட்டத்தைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என்ன சொல்ல வந்தார்? அன்றைக்கு அது எனக்கு மரியாதையாகப் பட்டது. மகிழ்ந்தேன்.

"மிஸஸ்," என்றார் கோல்மன், சிரிப்பு போய்விட்ட குரலில், "எனக்குக் கண்ணு சரியில்ல. படகு தண்ணியில எம்புட்டு நிக்கி, பாத்துச் சொல்லுங்க." நான் பார்த்தேன். வெள்ளைக் கோடு இல்லை. அதைச் சொல்வதற்குள் நான் கதவுக்கு வெளியே இருந்தேன். மேற்சட்டை போடவில்லை, கட்டை கையில் இருக்கிறது, சேலைக்குக் கீழே பெரிய செருப்பு அணிந்த காலோடு, அறுபத்தெட்டு வயதில், ஈரக் கல்லில் ஓடுகிறேன். கல்துறை நெடுகப் பெண்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். படகு பாறையைத் தாண்டும்வரை பெண்கள் கடலைப் பார்க்கலாகாது என்பதும் விதி, இப்போது புரிகிறது ஏன் என்று, பார்த்தால் கூப்பிட்டுவிடுவோம். ஆகவே அவர்கள் முகங்களெல்லாம் என்னை நோக்கி இருக்கின்றன. ஓடி வருகிற என்னை. முப்பது நாற்பது முகம். ஒருத்தி கையால் வாயைப் பொத்தினாள். படகு இன்னும் துறைவாய்க்குள் நுழையவில்லை, கூப்பிடு, இப்போதே கூப்பிடு என்று எனக்குள் ஒன்று சொல்கிறது, மூச்சு இல்லை, குரல் இல்லை, முப்பத்தொரு ஆண்டு உதட்டின்மேல் விரலை வைத்தே சொல்லிப் பழகிய தொண்டையில் என்ன இருக்கும்? பிரீட் முன்னால் வந்து என் இரு கையையும் பிடித்தாள். நான் கட்டையைக் காட்டினேன். "இது வலைக்கட்டை அல்ல. படகின் அடைப்பு. நான் தவறாக எழுதிவிட்டேன்." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது! மூன்று சிறு வாக்கியம். கதவுக்கு முன்னால் நின்றபோது என்னிடம் அதைப்போல நூறு மடங்கு நேரம் இருந்தது. பிரீட் கட்டையைப் பார்த்தாள், பிறகு விதியை மீறித் தோளுக்கு மேல் கடலைப் பார்த்தாள், அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. "வாய்க்குள் போய்விட்டார்கள்," என்றாள் மெல்ல. "இப்போது வேண்டாம். டெக்லா, இப்போது வேண்டாம். சத்தம் போடாதே." என்னைப் பார்த்து ஒருத்தி சத்தம் போடாதே என்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அலை ஒன்று பாறைப்பக்கம் நிமிர்ந்தது. படகின் முனை ஏறியது. இறங்கியது, இறங்கியது மெதுவாக, ஒரு கனத்த பொருள் இறங்குவதைப் போல. துடுப்புகளை எண்ணினேன். எண்ணுவது எனக்குத் தெரிந்த வேலை. மூன்று. மீண்டும் எண்ணினேன். மூன்றுதான். நான்காம் ஆள் குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார், நீலக் கம்பளித் தொப்பி, ஜசிந்தா வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் அலை. வாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண், பட்டியலில் பெயர் இல்லாதவள், இங்கேதான் எங்கோ நின்றிருப்பாள். அவளுக்கு யாரும் மணிக்கட்டைப் பிடித்து வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் அலை பாறைமேல் உடைந்து படகை மறைத்தது. கரையில் யாரோ செபம் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டார்கள். வெள்ளை நுரை வடிந்தது. பாறைக்கு அப்பால், கறுப்பாக, தாழ்வாக, படகு. "இப்போது," என்றாள் பிரீட்.

வாயைத் திறந்தேன், அப்போதுதான் தெரிந்தது, அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்று. நான்கு ஆண்டுகள். சாப்பாடு தயார், கதவு திறந்திருக்கிறது, நாளைக்குக் குப்பை எடுக்கும் நாள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னதுபோலவே சொல்லிச் சமாளித்திருக்கிறேன். கடலுக்கு நடுவே இருக்கிறவரைச் சுவரைப் பார்த்துக் கூப்பிட முடியாது. "செலஸ்டின்!" ஒரு பூனை கத்தியதைப்போல இருந்தது. "செலஸ்டின்! திரும்பி வாங்க! திரும்பி வந்துருங்க!" தமிழில் கத்துகிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. காற்று என் பக்கமாகவே அடித்தது. குரலை என் முகத்திலேயே எறிந்தது. படகு போய்க்கொண்டே இருந்தது. தீவு இரண்டு மைல். அப்போது பிரீட் தன் தொண்டையைத் திறந்தாள், அஞ்சலகத்தில் அந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் திரும்பினாள், அடுத்தவள் திரும்பினாள், கல்துறை நெடுகப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கடலுக்கு முகம் திருப்பி, என்ன ஏது என்று கேட்காமல், அந்த ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், தப்பும் தவறுமாக, செல்ஸ்டீன் என்றும் சாலஸ்டன் என்றும். நீலத்தொப்பி நிமிர்ந்தது. வாளி நின்றது. படகின் பின்முனையில் துடுப்புப் பிடித்திருந்த ஃபின்பார், கோல்மனின் மகன், கையை உயர்த்தினார். அவர்கள் உடனே திரும்பவில்லை. பாறைக்கு அப்பாலுள்ள அமைதியான தண்ணீரில் நின்று, அலைகளை ஒவ்வொன்றாகப் போகவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்து, ஓர் இடைவெளியில் வளைந்து, நான்கு துடுப்பையும் போட்டு உள்ளே வந்தார்கள். படகு துறைச்சரிவில் முட்டி நின்றபோது உட்காரும் பலகைவரை தண்ணீர் இருந்தது. ரொட்டிகள் அதில் மிதந்தன.

மருமகன் இடுப்புவரை நனைந்து, பல் அடித்துக்கொண்டு மேலேறி வந்தார். யாரோ போர்வையைப் போட்டார்கள். ஃபின்பார் அவர் முதுகில் ஓங்கித் தட்டி, "உங்க மாமியாருக்கு மாதாகோயில் மணியைவிட நல்ல தொண்டை, தெரிஞ்சிருந்தா மூடுபனியில சங்கு ஊதுறதுக்குப் பதிலா அவங்களையே வச்சிருப்போம்," என்றார். பெண்கள் சிரித்தார்கள், இரண்டு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் அவரை உப்பறைக்குள் அழைத்துவந்து கணப்புக்கு முன் உட்கார வைத்தேன். கோல்மன் தன் இடத்தை விட்டுக் கொடுத்தார். கட்டையை மருமகன் முன் நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை. அவர் கட்டையைப் பார்க்கவில்லை, போர்வை நுனியைப் பார்த்தார். "தெரியும் மாமி." என்ன தெரியும்? "பெட்டியில வச்ச அன்னைக்கே பாத்தேன். அதான் பைன் கட்டையில ஒண்ணு புதுசாச் செதுக்கிக்கிட்டேன். பச்சை மரம்தான், ஆனாலும் நின்னுக்கும்னு நெனச்சேன். நடுத்துறையில வழுக்கி வெளிய போயிட்டு. ஓட்டையில குதிகாலை வச்சு அழுத்திப் பாத்தேன், தண்ணி நிக்கல. தீவு வரைக்கும் இறைச்சுக்கிட்டே போயிரலாம்னு நெனச்சோம்." ஏன் கேட்கவில்லை? ஒரு சொல் சொன்னால் எடுத்துத் தந்திருக்க மாட்டேனா? அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீங்க அவ்வளவு பாடுபட்டு அட்டை எழுதி, பேர் எழுதி வச்சிருக்கீக. 'இல்ல மாமி, தப்பு'ன்னு நான் எப்படிச் சொல்ல? ஃபின்பார்கூடச் சொன்னான், போய்க் கேளுடேன்னு. வேண்டாம், அவுக மனசு ஒரு மாதிரி ஆயிரும், நான் வேற செஞ்சுக்கிடுதேன்னு சொல்லிட்டேன். துறைவாயில படகுக்குள்ள தண்ணி ஏறும்போதுகூட அவன் என்னைத்தான் ஏசினான், உன் மாமியாருக்குப் பயந்து எங்களைக் கொல்லப் பாக்கியேன்னு." சிரிக்க முயன்றார், பல் அடித்தது. வெளியே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது, கதவுகள் திறந்தன, பிரீட் யாரையோ வரவேற்கும் குரல் கேட்டது. கோல்மன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தமிழ் தெரியாதவர்தான், ஆனாலும் கேட்காதவரைப்போல. இருபத்தேழாம் எண் அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். கிழித்த பிறகு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாற்பத்திரண்டு அட்டைகள் கண்ணாடிக்குள் வரிசையாக, நேராக, ஒரே அளவில் நின்றன. கோணல் இல்லாத என் எழுத்து. குளிர்காலம் முழுவதும் அந்தச் சாமான்களைக் கையில் எடுத்தவர் இவர்தான். மாலைதோறும் இந்தப் பேழைக்கு முன்னால் நின்று, ஒவ்வோர் அட்டையாக வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவியவரும் இவர்தான். அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முகத்துக்கு நேராக அவரைப் பார்த்தேன். "மற்ற நாற்பத்திரண்டில் எத்தனை தப்பு இருக்கு? சொல்லுங்க, செலஸ்டின்." அவர் முதலில் பேழையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், நெடுநேரம், அலைக்கு இடைவெளி பார்ப்பவரைப்போல.

"ஒம்பது, மாமி," என்றார்.